மக்கி ஒழுங்கையும் துவிச்சக்கரவண்டியும்

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து காரைநகர் நோக்கிச் செல்லும் பெருந்தெருவில், ஆனைக்கோட்டையையும் மானிப்பாயையும் கடந்தபின் எதிர்ப்படும் ஊர் சண்டிலிப்பாய். பட்டினத்திலிருந்து ஆறேழு மைல் இருக்கும். பெருந்தெருவில் நின்று நோக்குபவர்க்குச் சந்தியும் சில கடைகளும் தோன்றுமேயன்றி ஊர் தோன்றாது. ஊரைக் காணவேண்டுமாயின் ஒழுங்கையில் இறங்கவேண்டும். இருமருங்கும் கதியால் நட்ட வேலி. வேலியைப் போர்த்த கிடுகு, அல்லது பனையோலை. மேலே கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் தழைத்த நிழல். அந்நிழலின் நடுவே வெண்ணிறமான மக்கி பரவிய பாதை ஒன்று வளைந்து வளைந்து செல்லும். இன்று இவ்வொழுங்கைகளிற் பல தாரும் கொங்கிறீற்றும் பூசப்பெற்றுக் கறுத்தும் சாம்பல் பூத்தும் கிடக்கின்றன. ஆயினும் மூத்தோர் நினைவில் அவை வெள்ளைப் பாதைகளே.

மக்கி என்பது யாது? யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக்கற் பாறையின்மேல் அமைந்தது. மயோசீன் என நிலநூலார் வழங்கும் பண்டைக் காலத்திற் கடலடியிற் படிந்த சிப்பியும் சங்கும் பவளமும் இறுகிக் கல்லாயின. அக்கல்லின்மேல் வலிகாமப் பகுதியிற் செம்மண் போர்வை கிடக்கிறது. கிணறு தோண்டும்போது மண் விலகியவுடன் கல் தலைகாட்டும். அக்கல்லைச் சுட்டால் வீடு கட்டும் சுண்ணாம்பு. காங்கேசன்துறையில் 1950ஆம் ஆண்டளவில் எழுந்த ஆலையில் அதனை அரைத்துச் சீமெந்தாக்கினர். அக்கல் உதிர்ந்து பொடியும் சரளையுமாய்க் கிடக்கும் நிலையில் அதுவே மக்கி. தெருவிலே கொட்டிப் பரவி, மழைநீர் பட்டு, வண்டிச் சில்லு ஏறி இறங்க அது தானே இறுகிவிடும். கோடையிலே தூசி எழும். மாரியிலே குழி விழும். கார்த்திகை மாதத்தில் வெள்ளம் வழிந்தோடிய ஒழுங்கையைத் தை மாதத்தில் மீண்டும் மக்கி கொட்டிச் செப்பனிடுவது ஊர்க் கடமைகளுள் ஒன்றாயிருந்தது.

ஒழுங்கைகள் ஏன் நேராகச் செல்லவில்லை என்று வெளியூரார் வினவுவதுண்டு. அதற்கு விடை பொறியியலில் இல்லை; உறுதிப்பத்திரங்களிலே உள்ளது. யாழ்ப்பாணத்தாரின் வழமைச் சட்டமாகிய தேசவழமையை ஒல்லாந்தர் 1707ஆம் ஆண்டளவில் எழுத்திற் பதிப்பித்தனர். அச்சட்டத்தின்படி பெண்ணுக்குச் சீதனமாகக் காணி கொடுக்கப்பட்டது. ஆண்மக்களுக்கு முதுசமாகப் பிரிந்தது. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். ஒரு தலைமுறையில் ஓர் ஏக்கராயிருந்த தோட்டம் அடுத்த தலைமுறையில் நாலு பரப்பாகவும், அதற்கடுத்ததில் ஒரு பரப்பாகவும் துண்டுபட்டது. துண்டு எத்துணைச் சிறியதாயினும் அதற்குச் செல்ல வழி வேண்டும். நீர் பாய வாய்க்கால் வேண்டும். ஆதலின் ஒவ்வோர் உறுதியிலும் கிணற்றுப் பங்கோடு வழிவாய்க்கால் உரிமையும் தவறாது குறிக்கப்பட்டது. அவ்வழிகள் சேர்ந்தவையே ஒழுங்கைகள். வரைபடம் போட்டு எவரும் அவற்றை அமைக்கவில்லை. பெண் கொடுத்தும் பங்கு பிரித்தும் மக்கள் அமைத்தனர். வேலி எல்லை ஒரு சாண் நகர்ந்தது என்று நீதிமன்றம் ஏறியவர்களின் கதை வேறு. அதனைச் சொல்லப் புகின் பொழுது போதாது.

பெருந்தெருக்களின் கதை இதனின் வேறுபட்டது. அவை அரசு இட்டவை. 1829 முதல் 1867இற் கோப்பாயில் இறக்கும்வரை, இடையிற் சிறிது காலம் நீங்கலாக, வடமாகாணத்தின் அரசாங்க அதிபராயிருந்தவர் பேர்சிவல் அக்லண்ட் டைக். அவருடைய நீண்ட ஆட்சிக்காலத்திலே குடாநாட்டுத் தெருக்கள் ஒழுங்குபட்டன. 1848ஆம் ஆண்டின் தெருச் சட்டம், வளர்ந்த ஆண்மக்கள் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆறு நாள் தெருவேலை செய்யவேண்டும், அன்றேல் அதற்கீடாகப் பணம் கட்டவேண்டும் என விதித்தது. கண்டிநாட்டில் அவ்வாண்டு மூண்ட கிளர்ச்சிக்கு இச்சட்டமும் ஒரு காரணம். இலங்கையின் பழைய தெருக்களின் அடியிற் கல் மட்டுமன்று, குடிமக்களின் வியர்வையும் கிடக்கிறது. ஆனால் அத்தெருக்களிற் குடியானவன் சென்றது காலால் நடந்தே, அல்லது மாட்டுவண்டியிலே. புகையிலைச் சிப்பம் ஏற்றிய வண்டி விடியுமுன் புறப்பட்டால் வெயில் ஏறியபின் சந்தை சேரும்.

இவ்வாறிருக்கையிற் கடல் கடந்த நாட்டில் ஒரு மாறுதல் நிகழ்ந்தது. 1885இல் இங்கிலாந்தின் ஜோன் கெம்ப் ஸ்ராலி, இரு சில்லும் ஏறத்தாழ ஒத்த அளவினதாய், சங்கிலியால் இயங்குவதாய் ஒரு வண்டியைச் செய்தார். 1888இல் அயர்லாந்திலே தொழில் நடத்திய மிருக வைத்தியர் ஜோன் பொய்ட் டன்லொப், காற்றடைத்த றப்பர் ரயரை அதற்குத் துணையாக்கினார். அதுவரை எலும்பை உலுக்கிய வண்டி அன்றுமுதல் மிதந்து செல்லலாயிற்று. அந்த றப்பரின் கதையில் இலங்கைக்கும் பங்குண்டு. 1876இற் பிரேசில் நாட்டிலிருந்து இலண்டன் கியூ பூங்காவிற்குச் சென்ற வித்துக்களின் நாற்றுக்கள் அவ்வாண்டே இலங்கைக்கு வந்து ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. பின்னர் தென்னிலங்கை மலைச்சாரல்களிற் கறந்த பால் நொட்டிங்ஹாமிலும் பேமிங்ஹாமிலும் ரயராகி, வண்டியிற் பூட்டப்பெற்று, கப்பலேறி யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் வந்தது.

முதலில் அதனை ஏறியவர் வெள்ளைக்கார உத்தியோகத்தரும் பாதிரிமாரும். பின்னர் தபாற்காரர், ஆசிரியர், கிளாக்கர். யாழ்ப்பாணத்து இளைஞர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொட்டு மலாயாவிற் புகையிரதப் பகுதியிலும் கந்தோர்களிலும் வேலை தேடிச் சென்றனர். அவர்கள் அனுப்பிய பணம் வலிகாமத்துச் சிற்றூர்களிலே கல்வீடாகவும் கிணறாகவும் மட்டுமன்றித் துவிச்சக்கரவண்டியாகவும் உருக்கொண்டது. 1902இற் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே புகையிரதம் ஓடத் தொடங்கியது. 1905இற் கொழும்புவரை பாதை திறந்தது. ஆயினும் இருப்புப்பாதை சண்டிலிப்பாய்க்குக் கிழக்கே சுன்னாகம், மல்லாகம் வழியே சென்றது. பஸ்வண்டிகள் பின்னர் வந்தன. 1958 தை முதலாந் திகதி அவை அரசுடைமையாயின. ஆனால் பஸ் பெருந்தெருவோடு நின்றுவிடும். படலைவரை வருவது துவிச்சக்கரவண்டி ஒன்றே. ஒழுங்கையின் அகலத்துக்கும் வளைவுக்கும் அதனைப்போற் பொருந்திய ஊர்தி முன்னும் இல்லை, பின்னும் வரவில்லை. மேடு பள்ளம் இன்றித் தட்டையாய்க் கிடக்கும் நிலமும் அதற்குத் துணைநின்றது.

றலி, ஹம்பர், றட்ஜ் என்பன வீட்டிலே வழங்கும் பெயர்களாயின. பின்னாளில் உள்நாட்டு லுமாலாவும் வந்து சேர்ந்தது. ஒரு றலியை வாங்கியவன் அதனைத் தன் மகனுக்கு முதுசமாக விட்டான் என்றால் அது மிகையன்று. கரியரிலே மீன்பெட்டி கட்டி மாதகற் கரையிலிருந்து விடியற்காலையில் வருபவர், பாண்பெட்டி கட்டியவர், கத்தரிக்காய்க் கடகத்தோடு சுன்னாகம் சந்தைக்குச் செல்பவர், வாழைக்குலையை இருபுறமும் தொங்கவிட்டு வண்டியைத் தள்ளிச் செல்பவர் என அவ்வொழுங்கைகளில் நடந்த வாணிபம் முழுவதும் இரு சில்லின்மேல் நிகழ்ந்தது. முன் பாரிலே பிள்ளை, பின் கரியரிலே மனைவி, அவள் மடியிலே கைக்குழந்தை என ஒரு குடும்பமே கோயிலுக்குச் செல்லும். சீரணி நாகபூசணி அம்மன் கோயில் திருவிழாக் காலத்தில் வீதியோரத்து வேலிகளில் வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சாய்ந்திருக்கும். சந்திக்குச் சந்தி சைக்கிள் திருத்துமிடம் ஒன்று. தகரப் பாத்திரத்து நீரில் ரியூப்பை அமிழ்த்திக் குமிழி எழும் துவாரத்தைக் கண்டுபிடித்து ஒட்டுப்போடுவதும், கம்பிகளை இறுக்கிச் சில்லின் நெளிவெடுப்பதும் ஆங்கு நடைபெறும். ஊர்ச் செய்தியெல்லாம் அவ்விடத்தே கூடிப் பிரியும்.

பெண்கள் அதனை ஏறியது பிந்தியே. முதலிற் சிரித்தவர் பலர். ஆனால் பாடசாலை செல்லும் பெண்பிள்ளைகள் வெள்ளைச் சட்டையும் இரட்டைப் பின்னலுமாய் வரிசையாகச் சைக்கிள் மிதித்துச் செல்லும் காட்சி, நூற்றாண்டின் இறுதிப் பகுதியிற் குடாநாட்டின் அடையாளங்களுள் ஒன்றாயிற்று. தமிழகத்திலே புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிள் மிதிப்பதையும் கிராமத்துப் பெண்களுக்குக் கற்பித்தது. அங்கே இயக்கமாய் நடந்தது, இங்கே அறிவிப்பின்றி நடந்தேறியது.

இனி வெள்ளைப் பாதை என்பது யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரியதன்று. இத்தாலி நாட்டின் தொஸ்கானா மாநிலத்தில், புளோரன்சுக்கும் சியேனாவுக்கும் இடையே கியாந்தி என்னும் குன்று நாடு உண்டு. 1716ஆம் ஆண்டிலேயே அந்நாட்டுக் கோமகனார் மூன்றாம் கோசிமோ அங்கு விளையும் திராட்சைமதுவின் எல்லையை வரையறுத்து ஆணையிட்டார். அல்பெரேசே எனப்படும் சுண்ணாம்புக்கல் கலந்த மண்ணிலே திராட்சைக் கொடிகள் செழிக்கின்றன. அதே கல் பரவிய பாதைகள் குன்றின் முதுகிலே வெள்ளைக் கோடுகளாய்க் கிடக்கின்றன. அவற்றை அந்நாட்டார் ஸ்திராதே பியாங்கே, அதாவது வெள்ளைத் தெருக்கள் என்றே அழைப்பர்.

ஆனால் அப்பாதைகள் பிறந்த விதம் வேறு. அங்கே நிலம் பிரபுக்களுடையது. உழவன் விளைவிற் பாதியை நிலத்துக்குடையானுக்கு அளக்கவேண்டும். மெத்சாத்ரியா எனப்படும் இவ்வாரமுறை பல நூற்றாண்டு நிலவியது. ஒரு குடும்பத்துக்கு ஒரு பண்ணைவீடு. வீட்டுக்கு வீடும், வீட்டுக்கும் பிரபுவின் மாளிகைக்கும் இடையே ஒரு பாதை. யாழ்ப்பாணத்து ஒழுங்கை பங்கு பிரிந்ததால் உண்டாயிற்று. தொஸ்கானப் பாதை பங்கு அளந்ததால் உண்டாயிற்று. இரண்டாம் உலகப் போரின்பின் உழவர் ஆலைத்தொழில் நாடி நகரங்களுக்குச் சென்றனர். 1964இற் புதிய வாரக் குத்தகைகளைச் சட்டம் தடுத்தது. பண்ணைவீடுகள் பாழ்பட்டன, பாதைகளிற் பல தார் பூசப்பெற்றன, எஞ்சியவற்றிற் புல் முளைத்தது.

அவற்றை மீட்டது பழைய சைக்கிள் என்பது வியப்புக்குரியது. 1997இற் கயோலே என்னும் சிற்றூரில் ஜான்கார்லோ புரோச்சி என்பவர், பழைய வண்டிகளில் வெள்ளைத் தெருக்கள் வழியே செல்லும் ஓட்டமொன்றை ஏற்படுத்தினார். லெரோயிக்கா என்பது அதன் பெயர். வீரமிக்கது என்று பொருள். முதலாண்டிற் கலந்துகொண்டோர் நூறு பேருங்கூட இல்லை. நாளடைவில் உலகெங்குமிருந்து ஆயிரக்கணக்கானோர் வரலாயினர். 1987க்கு முன் செய்யப்பட்ட பந்தய வண்டியாயிருத்தல் வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. நெடிய பாதை இருநூறு கிலோமீற்றருக்கும் மேல். தூசி முகத்தில் அப்ப, குன்றேறி இறங்கி, வழியிலே பாணும் மதுவும் உண்டு, மாலையிலே களைத்து வந்து சேர்வதிலே ஓர் இன்பம் கண்டனர். 2007 முதல் தொழில்முறை வீரரின் பந்தயமும் அவ்வெள்ளைத் தெருக்களின் வழியே நடந்து சியேனாவின் நடுச்சதுக்கத்தில் முடிகிறது. தார் பூசாதிருப்பதே இப்போது அவ்வூர்களுக்கு வருவாய். சரளைப் பாதையில் வண்டி மிதிப்பதற்கென்றே உலகின் பல மூலைகளிலிருந்தும் மக்கள் பணம் கொடுத்துச் செல்கின்றனர். வேறு பாதை இல்லாமையால் அதனை மிதித்த சண்டிலிப்பாய் முதியவர்க்கு இச்செய்தி நகைப்பை விளைத்தால் அவரைக் குறைகூறல் தகாது.

அந்நாட்டிலும் அவ்வண்டி எக்காலமும் விளையாட்டுப் பொருளாய் இருந்ததில்லை. 1938இலும் 1948இலும் பிரான்சு நாட்டுப் பெரும்பந்தயத்தை வென்ற ஜீனோ பார்த்தாலி புளோரன்ஸ் நகரை அடுத்த ஊரவர். 1943, 1944ஆம் ஆண்டுகளிலே ஜெர்மானியர் இத்தாலியை ஆண்டபோது, யூத மக்களை மறைத்து வைத்திருந்தோர்க்கு வேண்டிய போலி அடையாளப் பத்திரங்களைச் சைக்கிட் குழாயினுள் சுருட்டி மறைத்து, பயிற்சிக்குச் செல்பவர்போல் அசிசி நகர்வரை அவர் கொண்டுசென்றார் எனக் கூறுவர். வாழ்நாளில் அவர் அதைப்பற்றி வெளியே பேசியதில்லை. 2000ஆம் ஆண்டில் மறைந்தார். இஸ்ரேலின் யாட் வஷெம் நிலையம் 2013இல் அவருக்குச் சிறப்புச் செய்தது. அவ்வரலாற்றின் சில கூறுகளை ஆய்வாளர் சிலர் பின்னர் ஐயுற்றதும் உண்டு. எவ்வாறாயினும், போர்க்காலத்திலே எரிநெய் வேண்டாத, ஓசை செய்யாத ஒரு வண்டி உயிர்காக்கும் கருவியாகலாம் என்பதை யாழ்ப்பாணத்தாருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

1990 ஆனியிற் போர் மீண்டும் மூண்டது. புகையிரதம் நின்றது. மின்சாரம் நின்றது. பெற்றோலும் மின்கலமும் சீமெந்தும் குடாநாட்டுக்குட் செல்லத் தடை விதிக்கப்பட்டது. மோட்டார் வண்டிகள் சில மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடின; பல கொட்டிலில் உறங்கின. அன்றுமுதல் சில ஆண்டுகள் குடாநாட்டின் ஊர்தி என்பது துவிச்சக்கரவண்டியே. மணமகனும் அதிலே சென்றான். நோயாளியும் அதிலே சென்றார். கிளாலிக் கடலேரியைத் தோணியிற் கடந்தோர் தம் வண்டியையும் உடன் ஏற்றிச் சென்று அக்கரையிலிருந்து மூட்டைகளோடு மீண்டனர். அப்பயணத்திலே உயிரிழந்தோரும் பலர்.

அக்காலத்து இரவொன்றை எண்ணிப் பார்த்தல் தகும். வீட்டில் விளக்கு என்பது ஜாம்போத்தலில் ஊற்றிய சிறிதளவு மண்ணெண்ணெயும் ஒரு திரியுமே. பிள்ளைகள் அதன் ஒளியிற் பரீட்சைக்குப் படிப்பர். வானொலிப் பெட்டி உண்டு, மின்கலம் இல்லை. அப்பொழுது சைக்கிள் முற்றத்திலே ஸ்ராண்டில் நிறுத்தப்படும், அல்லது தலைகீழாக வைக்கப்படும். பின் சில்லின் ரயரோடு டைனமோ பொருத்தப்படும். அது முன்விளக்குக்கென அமைந்தது. ஆறு வோல்ற்று அளவே தரும். அதிற் பிறப்பது மாறுமின்னோட்டம். வானொலிக்கு வேண்டுவதோ நேர்மின்னோட்டம். பழைய பெட்டிகளிலிருந்து கழற்றிய டயோட்டுகளைக் கொண்டு அதனைத் திருத்தி இரு கம்பிகளாற் பெட்டியோடு இணைப்பர். ஒருவர் பெடலைச் சுழற்றுவார். வேகம் குறைந்தால் குரல் மங்கும், கூடினால் இரையும். ஒரே சீராகச் சுழற்ற வல்லவருக்கு அண்டை வீடுகளில் மதிப்பு மிகுதி. இலண்டனிலிருந்து ஒலித்த தமிழோசையின் செய்தி முடியும்வரை அவர் கை ஓயலாகாது. எங்கே குண்டு விழுந்தது, எப்பாதை திறந்தது, பேச்சு நடக்குமா என்பதறியச் சுற்றி அமர்ந்திருப்போர் மூச்சடக்கிக் கேட்பர். வானொலியின் வரலாற்றை எழுதுவோர் நிலையங்களையும் அலைவரிசைகளையும் பற்றி எழுதுவர். பெடல் சுழற்றிய கைகளைப் பற்றி எழுதுவார் அரியர்.

1995 ஐப்பசி 30ஆம் நாள், வலிகாமத்து மக்கள் அனைவரும் உடனே வெளியேறித் தென்மராட்சிக்குச் செல்லவேண்டும் என விடுதலைப் புலிகளின் ஒலிபெருக்கிகள் அறிவித்தன. மழைக்காலம். ஏறத்தாழ நான்கைந்து இலட்சம் மக்கள் ஓரிரவிலே தெருவில் இறங்கினர். சண்டிலிப்பாய் ஒழுங்கைகளிலிருந்தும் வண்டிகள் வெளிப்பட்டுப் பெருந்தெருவை அடைந்து நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தன. அவற்றை மிதிக்க இடமில்லை, தள்ளவே இயன்றது. கரியரில் அரிசி மூட்டை, அதன்மேல் நடக்கவியலாத பாட்டனார், ஹாண்டிலிற் குடமும் பாத்திரமும், பாரிலே பிள்ளை. சில மைல் கடக்க இரவும் பகலும் சென்றன. வழியிற் சில்லு முறிந்த வண்டிகள் ஓரத்திற் கிடந்தன. 1996 சித்திரை தொட்டு மக்கள் திரும்பி வரலாயினர். பலருக்கு வீட்டில் எஞ்சியது சுவரும் கிணறும். தள்ளிச் சென்ற வண்டியையே தள்ளிக்கொண்டு வந்தவர் நற்பேறு பெற்றவர்.

கியாந்திக் குன்றுகளை எண்ணுவோர்க்குத் திராட்சையும் நினைவில் எழும். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணிலும் திராட்சை விளைகிறது என்பது வெளியூரார் பலர் அறியாத செய்தி. உரும்பிராய், கோப்பாய், நீர்வேலிப் பக்கங்களிலே சுண்ணாம்புக்கல்லின்மேற் கிடக்கும் செம்மண் தோட்டங்களிற் பந்தலிட்டுக் கொடி படரவிட்டனர். இத்தாலியிற் குளிர்காலத்தில் உறங்கி ஆண்டுக்கு ஒருமுறை இலையுதிர்காலத்திற் காய்க்கும் கொடி, இங்கே உறக்கமின்றிக் கவாத்து செய்தபின் மூன்று நான்கு மாதங்களிற் பழந்தரும். ஆதலின் ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட விளைவு கிடைக்கும். மது வடிப்பதற்கன்று, உண்பதற்கே பழம். அதுவும் குலை குலையாய்ப் பெட்டியிலடுக்கிச் சைக்கிட் கரியரிலே சந்தைக்குச் சென்றது. தெரு மூடப்பட்டு வெளிச் சந்தைகள் எட்டாத காலங்களிற் கொடிகளிற் பல அழிந்தன. சண்டிலிப்பாய்ப் பக்கம் திராட்சை இல்லை. கந்தரோடைப் பக்கமிருந்து வரும் வழுக்கையாறு மாரியிலே நிறைந்து ஓடி அராலிக் கடலேரியை நாடுகிறது. அதனை அடுத்த தாழ்நிலத்தில் நெல் விளைகிறது. அவ்வயல்வரம்புகளும் ஒருவகைச் சைக்கிட் பாதைகளே; ஆனால் அவற்றிற் செல்லச் சிறுபராயத்திலேயே பழகியிருத்தல் வேண்டும்.

2009இற் போர் முடிந்தபின் பெருந்தெருக்கள் அகன்றன. 2014இற் புகையிரதம் யாழ்ப்பாணத்துக்கும், அடுத்த ஆண்டு காங்கேசன்துறைக்கும் மீண்டும் வந்தது. மோட்டார்ச் சைக்கிள் பெருகியது. ஒழுங்கைகள் கொங்கிறீற்றாயின. அதனை வேண்டாம் என எவரும் கூறார். மாரிக்காலத்து மக்கிச் சேற்றில் நோயாளியைத் தூக்கிச் சென்றவர் கூறவே மாட்டார். ஆயினும் கொங்கிறீற்றில் மழைநீர் நிலத்துட் செல்லாது. ஆறில்லாத குடாநாட்டுக்குக் கிணறே உயிர். கிணற்றுக்கு நீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புக்களூடாக இறங்கிய மழையிலிருந்தே வருகிறது. மக்கியின் நுண்துளைகள் அந்நீருக்கு வழிவிட்டன. இதனை எடுத்துக்கூறி, உள்ளொழுங்கைகளையேனும் கல்லும் மக்கியுமாய் விடலாகாதா என்று கேட்போர் உளர். அவர்கள் கேட்பது சுற்றுலாவுக்காகவன்று, குடிநீருக்காக.

சண்டிலிப்பாய் வீடுகள் சிலவற்றின் தாழ்வாரத்தில் இன்றும் பழைய றலி ஒன்று சுவரிற் சாய்ந்திருக்கக் காணலாம். சங்கிலியில் எண்ணெய் உலர்ந்திருக்கும், மணி துருப்பிடித்திருக்கும். அது பந்தய வண்டியன்று. கயோலே ஊரார் அதனை ஏற்பார்களோ மாட்டார்களோ. ஆனால் வயதில் அது 1987க்கு நெடுநாள் முந்தியது. பின் சில்லின் அருகே, ரயரோடு பொருந்திய நிலையில், அந்த டைனமோவும் இருக்கும்.